பையனுக்கு சூட்டுக் கட்டி மூணு, வீட்டுக்காரருக்கு பிடரில ஒண்ணு... மஞ்ச சுண்ணாம்பு போடலாமா?

மாங்காத்தோப்பு மருமக (காவேரிப்பட்டணம் பக்கம்)

வணக்கம்ங்க. பையனுக்கு எட்டு வயசு. கத்திரி வெயில் ஆரம்பிச்சதுல இருந்து ஒண்ணு மாத்தி ஒண்ணு கட்டியா வந்துட்டே இருக்கு. மொதல்ல வலது தொடையில வேர்க்குரு மாதிரி செவப்பா வந்துச்சு, சொறிஞ்சிட்டே இருந்தான், மூணா நாளு பாத்தா சுண்டக்கா சைஸுல கெட்டியா நிக்குது. அடுத்த வாரம் உக்கார்ற எடத்துல ஒண்ணு, அதனால ஸ்கூல் லீவுங்கறதே நல்லதா போச்சு, பெஞ்சுல உக்கார வெச்சிருந்தா அழுதே இருப்பான். இப்ப முழங்காலுக்கு கீழ புதுசா ஒண்ணு தலை காட்டுது. தொடையில இருக்கறது பழுத்து நடுவுல மஞ்சளா முகம் வெச்சிருக்கு, தொடை இடுக்குல தொட்டா கொட்டப்பாக்கு மாதிரி நெறி கட்டி இருக்கு, நொண்டி நொண்டி நடக்கறான். காய்ச்சல் இல்ல, நல்லா தான் சாப்பிடறான்.

எங்க அத்தை சொல்றது என்னன்னா எல்லாம் மாம்பழ சூடு, செந்தூரா வந்த நாள்ல இருந்து ஒரு நாளைக்கு நாலு தின்னா கட்டி வராம என்ன பண்ணும்னு. மஞ்சத்தூள்ல வெத்தல சுண்ணாம்ப கொழச்சி செவப்பா ஆக்கி நேத்து சாயந்தரம் போட்டு விட்டாங்க. பத்து நிமிஷத்துல எரியுது எரியுதுன்னு வாசல் வரைக்கும் ஓடிட்டான், நான் தண்ணி ஊத்தி கழுவி விட்டேன். அதுக்கு "நீ கழுவிட்ட, இனி உள்ளயே நின்னு போகும்"னு ஒரு பாட்டு. ராத்திரி பூரா வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசல.

இப்ப நான் கேக்கறது, சுண்ணாம்பு மஞ்ச போடலாமா கூடாதா, வேற என்ன வீட்லயே பண்ணலாம்? பழுத்தத ஊசில குத்தி நானே எடுத்துடலாமா? எங்க அம்மா அப்படி தான் கருவேல முள்ள சுட்டு எங்களுக்கு எடுப்பாங்க.

ஆங், வீட்டுக்காரருக்கும் பிடரில ஒண்ணு இருக்கு, பத்து பதினஞ்சு நாளா. அவரு மண்டில லோடு தூக்கறவரு, "மூட்டை உராசுனது தான், தானா போவும்"னு துண்டு போட்டு மறைச்சிட்டு திரியறாரு. அவரு விஷயத்த விடுங்க, பையனுக்கு சொல்லுங்க.

பென்னாகரத்தா

கண்ணு, சுண்ணாம்பு பெரியவங்க தோலுக்கு தான், பிள்ளைங்க தோலுக்கு ஆகாது. எங்க வூட்ல கட்டி வந்தா வழி இருக்கு. கல்லு மாதிரி இருக்கற கட்டிக்கு நாமக்கட்டிய தண்ணி விட்டு உரசி சுத்தி பத்து போடுவோம், நடுவுல மட்டும் வெறும விடணும், அதுல தான் கண்ணு தொறக்கும். பழுக்க மாட்டேன்னு நிக்கறதுக்கு கோதுமை மாவ கொஞ்சம் விளக்கெண்ணெ விட்டு களி மாதிரி கிண்டி துணில வெச்சி சூட்டோட கட்டறது, இல்லன்னா சின்ன வெங்காயத்த அடுப்பு தணல்ல சுட்டு நசுக்கி வெக்கறது. வெத்தலைல விளக்கெண்ணெ தடவி வெளக்குல வாட்டி ஒட்டுனா ராத்திரியோட ராத்திரியா ஒடைஞ்சிரும், எங்க பெரியவனுக்கு முதுகுல வந்த செலந்திக் கட்டிக்கு அப்படி தான் பண்ணேன், விடிஞ்சி பாத்தா பாய் பூரா சீழ். முளை, அதான் நடுவுல இருக்கற கெட்டி சீழு, வெளிய வரணும், முளை வராத வரைக்கும் ஆறாது.

கூடவே ராகி கூழு மோரு ஊத்தி குடுங்க, நுங்கு கெடைச்சா குடுங்க. மாம்பழத்த நிறுத்துங்க.

ரிட்டயர்டு சிஸ்டர் (தர்மபுரி)

முப்பத்தி சொச்சம் வருஷம் ஊசி போட்ட கை, அதனால கொஞ்சம் கறாரா எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல சுண்ணாம்பு. வேணாம்மா, போடவே போடாதீங்க, பெரியவங்களுக்கும் தான். சுண்ணாம்பு காரம், தோல பொசுக்கும். மஞ்சள்ல அது பட்டதும் செவப்பா மாறுதே, ஏதோ மருந்து வேலை செய்யற மாதிரி நமக்கு தோணும், அது வெறும் நிற மாத்தம் தான், மஞ்சள்ல காரம் எது பட்டாலும் செவக்கும், வெள்ளத் துணில மஞ்ச கறைய சோப்பு போட்டு தேய்ச்சா செவப்பாகுதுல்ல அதே கதை. ஏற்கனவே வெந்து போன தோலு மேல இன்னொரு புண்ண நாமளே உண்டாக்கறோம், அவ்ளோ தான். நீங்க கழுவி விட்டது சரி.

ஊசி, முள்ளு, நகம், எதுவும் கட்டி மேல படக்கூடாது. பிதுக்குனா வெளிய வர்றது கொஞ்சம், உள்ள போறது நிறைய. முக்கியமா மூக்கு மேலயும் மேல் உதட்லயும் வர்ற கட்டிய யாரும் தொடாதீங்க, அங்க இருக்கற ரத்தக்குழாய் வழியா கிருமி மூளைப் பக்கம் போகறதுக்கு வழி இருக்கு, அபூர்வம் தான், ஆனா ஆச்சுன்னா ஆபத்து.

பென்னாகரத்து அம்மா சொன்ன களி, வெத்தலை, சுட்ட வெங்காயம் எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கு, கவனிச்சீங்களா? சூடு. வேலை செய்யறது அந்த சூடு தான். அதுக்கு வெங்காயம் நசுக்க வேணாம், சுத்தமான வெள்ளத் துணி போதும். தண்ணிய கொதிக்க வெச்சி ஆற விட்டு, உங்க மணிக்கட்டு உள்பக்கம் வெச்சா தாங்கற சூட்டுக்கு வந்ததும் துணிய முக்கிப் பிழிஞ்சி கட்டி மேல வெச்சி லேசா அழுத்தமா புடிங்க. ஆறினதும் மறுபடி முக்குங்க. ஒரு தடவைக்கு 10ல இருந்து 15 நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. ஒரு தடவை வெச்சிட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு சொல்லாதீங்க, ரெண்டு மூணு நாளாவது விடாம வெக்கணும். அதுவா ஒடைஞ்சா சோப்பு தண்ணில கழுவி சுத்தமான துணி வெச்சி மூடுங்க, ஒடைஞ்ச பிறகும் ரெண்டு நாள் ஒத்தடம் தொடரணும். அந்த துணிய ஒவ்வொரு தடவையும் கொதிக்க வெக்கணும், உங்க கையையும் முன்னாடி பின்னாடி சோப்பு போட்டு கழுவணும்.

சின்னப் பையனுக்கு நெறி கட்டுனது பக்கத்துல புண்ணு இருக்கறதுக்கு தான், கட்டி ஆறினா கரையும். ஆனா காய்ச்சல் 100.4க்கு மேல போனாலோ, கட்டில இருந்து செவப்பு கோடு கோடா ஏறினாலோ, சுத்தி செவப்பு பரவிட்டே போனாலோ, ரெண்டு வாரம் தாண்டியும் ஆறலன்னாலோ ஆஸ்பத்திரி. பையனுக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு மூணு வந்திருக்கு, அதனால ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க, பயப்பட வேணாம்.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. வீட்ல மொதல்ல கட்டி வந்தது யாருக்கு? பையனுக்கா, உங்க வீட்டுக்காரருக்கா? அப்புறம் "விடுங்க"ன்னு சொன்னீங்களே அந்த பிடரி கட்டி, அதுக்கு முகம் ஒண்ணா, பலதா?

மண்டி தம்பி, பர்கூர்

அக்கா மாம்பழத்து மேல பழி போடாதீங்க, எங்க பொழப்பே அதுல தான் ஓடுது, சூட்டுக்கும் மாங்காவுக்கும் ஒரு விஷயம் இருக்கு, ஆனா அது வேற. மாங்கா பறிக்கறப்ப காம்பு ஒடைச்ச எடத்துல பீச்சி அடிக்கும் பாருங்க பாலு, அது பட்டா தோலு எரிஞ்சி கருத்து கொப்புளம் கொப்புளமா வரும். பெங்களூரா மாங்கா பறிக்கற சீசன்ல புதுசா வேலைக்கு வந்த பசங்க கழுத்து, கை, வாயோரம் பூரா அப்படி தான் ஆகிக்கினு நிப்பாங்க. அதனால தான் பறிச்ச உடனே காம்ப கீழ பாத்த மாதிரி கவுத்து வெச்சி பால வடிய விடறது, வீட்லயும் பழத்த தண்ணில ஊறப் போட்டு கழுவி தின்னுன்னு பெரியவங்க சொல்றது. அந்த கொப்புளம் தண்ணி கட்டிக்கினு பரவலா இருக்கும், அரிக்கும். கட்டி அப்படி இல்ல, ஒரே எடத்துல குத்தி வலிக்கும், ஆழமா இருக்கும். உங்க பையனுக்கு தொடையில, உக்கார்ற எடத்துல எல்லாம் மாம்பால் எங்க படப்போவுது? அது மாங்கா இல்ல, என்னைய கேட்டா.

உங்க வீட்டுக்காரரு பிடரில இருக்கறது பாலு பட்டதா கூட இருக்கலாம். கூடைய தோள்ல வெக்கறப்ப ஒழுகும். ஆனா பதினஞ்சு நாளு நிக்காது அது.

மாங்காத்தோப்பு மருமக

சிஸ்டர், நீங்க கேட்டதும் யோசிச்சு பாத்தேன். மொதல்ல வந்தது இவருக்கு தான். சித்திர ஆரம்பத்துல பிடரில சின்னதா வந்துச்சு, அது சரியாகி, பக்கத்துலயே இன்னொண்ணு வந்துச்சு, அதுக்கு அப்புறம் தான் பையனுக்கு. எனக்கு இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தம்னே தோணல, மூட்டை உராசல்னு இருந்துட்டேன்.

இன்னைக்கு அவரு மதியம் படுத்திருந்தப்ப துண்ட எடுத்து பாத்தேன். அவரு திட்டுனாரு. ஒரு முகம் இல்ல சிஸ்டர். உள்ளங்கைல பாதி அளவுக்கு கன்னிப் போய் ஊதா கலந்த செவப்பு, மேல சல்லடை மாதிரி நாலஞ்சு ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் மஞ்சளா இருக்கு. தொட்டா பலகை மாதிரி கெட்டி. கழுத்த திருப்ப முடியல, உடம்போட சேத்து திரும்பறாரு. மெடிக்கல்ல போன வாரம் ஒரு மாத்திரை வாங்கி மூணு நாள் சாப்பிட்டிருக்காரு, கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சாம், நிறுத்திட்டாராம்.

இன்னொரு விஷயம் சொல்லணும், அந்த துண்டு. மண்டிக்கு போட்டுட்டு போறது, வேர்வைய துடைக்கறது, வந்து கொடில போட்டா பையன் குளிச்சிட்டு அதையே தான் எடுத்து தொடைச்சிக்கறான், அப்பா துண்டுன்னு அவனுக்கு அதுல ஒரு பிரியம்.

ரிட்டயர்டு சிஸ்டர் (தர்மபுரி)

இப்ப புரியுதா. பையனுக்கு எட்டு வயசு, அவனுக்கு ஒத்தடத்துல ஆறிடும். நாளைக்கு காலைல ஆஸ்பத்திரிக்கு போக வேண்டியவரு உங்க வீட்டுக்காரரு.

நீங்க சொல்ற சல்லடை தான் ராஜபிளவை. தனித்தனி கட்டி இல்ல, பக்கத்து பக்கத்துல இருக்கற மயிர்க்கால் எல்லாம் உள்ளுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேந்து பழுத்தது. பிடரில தோலு தடிமன், அதான் மேல ஒடைய முடியாம அடில பரவும். இதுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. ஒத்தடமும் போதாது. கீறி சீழ எடுக்கணும், மாத்திரை முழுசா சாப்பிடணும், மூணு நாள் சாப்பிட்டு நிறுத்தறது கிருமிக்கு பாடம் எடுக்கற மாதிரி.

அவருக்கு வயசு என்ன? சக்கரை எப்பவாவது பாத்திருக்காரா? ராத்திரில எத்தன தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கறாரு?

ஊத்தங்கரை மாமா

சிஸ்டர் கேட்ட கேள்விய என்கிட்ட யாராவது நாலு வருஷம் முன்னாடி கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். எனக்கும் இதே தான், முதுகுல, ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல. நான் பண்ண கூத்த சொல்றேன், யாரும் பண்ணாதீங்க. எருக்கம் பால் வெச்சா ஒடையும்னு ஒருத்தரு சொன்னாரு, ஊர்ல எருக்கஞ்செடிக்கா பஞ்சம், ரயில்வே லைன் ஓரம் பூரா நிக்குது. கைய பின்னாடி வளைச்சி நானே வெச்சேன், முதுகு பாதி வெந்துது. அதே கைய கழுவாம கண்ண கசக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி கண்ணு தெரியல. சத்தியமா சொல்றேன், மூடுன கண்ணுக்குள்ள பால் ஊத்துன மாதிரி வெள்ளையா இருந்துச்சு, காலைல கண் டாக்டர்கிட்ட ஓடி சொட்டு மருந்து போட்டு ரெண்டு வாரத்துல தெளிஞ்சுது. கட்டிக்கு போகாத ஆஸ்பத்திரிக்கு கண்ணுக்கு போனேன் பாருங்க.

அங்க தான் அந்த டாக்டரம்மா முதுகையும் பாத்துட்டு சக்கரை பாக்க சொன்னாங்க. 340. எனக்கு ஒரு அறிகுறியும் இல்லன்னு தான் நெனச்சிட்டு இருந்தேன், தண்ணி நெறைய குடிப்பேன், வெயிலுக்கு தான்னு நெனச்சேன், நம்ம ஊரு வெயில்ல யாரு தண்ணி குடிக்காம இருக்கா. ஒண்ணுக்கு அடிக்கடி போறது தண்ணி குடிக்கறதால, தண்ணி குடிக்கறது வெயிலால, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் வெச்சிருந்தேன்.

தம்பிய கூட்டிட்டு போம்மா. மண்டி ஒரு நாள் அவரு இல்லாம ஓடும்.

அறிவியல் வாத்தியார், அரூர்

உடம்பு சூடு, மாம்பழ சூடுன்னு எல்லாரும் சொல்றதால ஒரு சின்ன வகுப்பு எடுத்துக்கறேன், பழக்க தோஷம்.

1880ல ஸ்காட்லாந்துல அபர்டீன் ஊர்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு சர்ஜன், நோயாளிங்க கட்டில இருந்து எடுத்த சீழ மைக்ராஸ்கோப்புல வெச்சி பாத்தாரு. உருண்டை உருண்டையா கொத்து கொத்தா, திராட்சைக் குலை மாதிரி இருந்துச்சு. கிரேக்கத்துல திராட்சைக் குலைக்கு ஸ்டாபிலே, அதான் ஸ்டாபிலோகாக்கஸ். அதுல தங்க நிறமா வளர்றது ஆரியஸ், அது தான் நம்ம கட்டிக்கு காரணம் பெரும்பாலும். 1928ல பிளெமிங் பெனிசிலின கண்டுபிடிச்சதும் இதே ஸ்டாபிலோகாக்கஸ் வளத்து வெச்சிருந்த தட்டுல பூஞ்சை விழுந்ததால தான்.

வேடிக்கை என்னன்னா இது எப்பவும் வெளிய எங்கயோ இருந்து தான் வரணும்னு இல்ல. ஏறக்குறைய மூணுல ஒருத்தர் மூக்குக்குள்ள இது சும்மா குடி இருக்கு, ஒண்ணும் பண்ணாது. தோல்ல ஒரு கீறல் விழுந்தா, மயிர்க்கால் உராஞ்சா, உள்ள போகும். இப்ப வெயிலுக்கு வருவோம். வேர்க்குருவ சொறியறோம், நகம் படுது. வேர்வைல ஊறுன தோலு மேல சாக்கு உராசுது. அப்ப வெயிலுக்கும் கட்டிக்கும் சம்பந்தம் இருக்கு தான், கெழவிங்க கண்ணு பொய் சொல்லல, கத்திரில தான் அதிகமா வருதுன்னு பாத்து வெச்சிருக்காங்க, காரணத்த மட்டும் மாம்பழத்து தலையில போட்டுட்டாங்க. அதே மாசத்துல தானே ரெண்டும் வருது!

சித்தா படிக்கறவ

சுண்ணாம்ப பத்தி சிஸ்டர் சொன்னதுக்கு நானும் ஆமா போடறேன். சித்தால கட்டிக்கும் புண்ணுக்கும் மருந்து இருக்கு, மத்தன் தைலம்னு ஊமத்தை இலைச்சாறும் தேங்காண்ணெயும் மயில் துத்தமும் சேத்து காய்ச்சறது, ஆறாத புண்ணுக்கு எங்க ஓபில தர்றாங்க. ஆனா மயில் துத்தம்னா காப்பர் சல்பேட், ஊமத்தை விஷச்செடி, இத வீட்ல அளவு தெரியாம காய்ச்சறேன்னு யாரும் எறங்காதீங்க. நாமக்கட்டி போடறதுல கெடுதல் கம்மி, ஆனா ஒடைஞ்ச புண்ணு மேல போடாதீங்க, மண்ணு மண்ணு தான். வேப்பிலை கொதிக்க வெச்ச தண்ணில குளிக்கறது நல்லது, அதுவும் சொறியாம இருக்கறதுக்கு தான் அதிகம் உதவும்.

இன்னொண்ணு, முதுகுலயோ இடுப்புலயோ ஒரே பக்கமா பட்டை மாதிரி கொத்து கொத்தா கொப்புளம் வந்து எரிஞ்சா அது அக்கி, கட்டி இல்ல. நம்ம ஊர்ல காவி எழுதிட்டு உக்காந்துக்கறாங்க, அதுக்கு மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா தான் பலன் ஜாஸ்தி.

ஓசூர் நைட் ஷிப்ட்

நடுவுல பூந்து கேக்கறேன் சாரி, எனக்கு அக்குள்ல ரெண்டு வருஷமா அதே எடத்துல வந்து வந்து போகுது, ஒடையுது, ஆறுது, தழும்பு கயிறு மாதிரி ஆயிடுச்சு. கம்பெனில யூனிபார்ம் டைட். சக்கரை பாத்தேன் நார்மல். இதுவும் கட்டி தானா?

ரிட்டயர்டு சிஸ்டர் (தர்மபுரி)

தம்பி, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் அதே எடத்துல திரும்பத் திரும்ப வந்து கயிறு மாதிரி தழும்பு ஆச்சுன்னா அது சாதாரண கட்டி இல்ல, வேற நோய், நீங்க அழுக்கா இருக்கீங்கன்னும் அர்த்தம் இல்ல. தோல் டாக்டர்கிட்ட போங்க, அதுக்கு நீண்ட நாள் மருந்து இருக்கு. சிகரெட் இருந்தா நிறுத்துங்க, அதனால கூடும். அக்குள் ஷேவிங் கொஞ்ச நாள் வேணாம். மெடிக்கல்ல வாங்குற ஸ்டீராய்டு கலந்த ட்யூப் எதையும் தடவாதீங்க, படர்தாமரைக்கு தடவி தடவி ஊர் பூரா கெட்டு கெடக்கு.

மருமக பொண்ணு எங்க போச்சு? பதில காணோம்.

மாங்காத்தோப்பு மருமக

இருக்கேன் சிஸ்டர். ரெண்டு நாளா போன தொடல.

அவருக்கு 41. ராத்திரில மூணு தடவ எந்திரிக்கறாரு, கேட்டா "வயசாவுதுல்ல"ன்னாரு. நேத்து விடியக்காலைல மண்டிக்கு கெளம்பறேன்னு நின்னாரு, நான் வண்டி சாவிய எடுத்து அரிசி டப்பாவுல போட்டுட்டேன். கடைசில பெரியாஸ்பத்திரிக்கு பஸ்லயே போனோம். சர்ஜரி ஓபில பாத்த உடனே மொதல்ல விரல்ல குத்தி சக்கரை பாத்தாங்க. 286. அவரு அந்த மிஷினையே பாத்துட்டு நின்னாரு, "காலைல ரெண்டு மாம்பழம் சாப்ட்டேன் சார் அதான்"ன்னாரு, டாக்டரு சிரிச்சிட்டு "ரெண்டு மாம்பழம் தின்னா எனக்கு இவ்ளோ ஏறாதுங்க"ன்னாரு.

மரமரப்பு ஊசி போட்டு கீறுனாங்க. நான் வெளிய நின்னேன். சீழ் ஒரே எடத்துல இல்ல, தேன்கூடு மாதிரி அற அறயா இருந்துச்சுன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்க. உள்ள துணி திரி வெச்சி கட்டி விட்டிருக்காங்க, தெனமும் டிரஸ்ஸிங்குக்கு வரணுமாம். சீழ டெஸ்ட்டுக்கு எடுத்திருக்காங்க, எந்த மாத்திரை கேக்கும்னு பாக்கறதுக்காம். நாளைக்கு வெறும் வயித்துல ஒண்ணு, மூணு மாச சக்கரைன்னு சொல்றாங்களே அது ஒண்ணு, ரெண்டுத்துக்கும் ரத்தம் குடுக்கணும். வந்ததும் அவரு கழுத்த இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி திருப்பி பாத்துட்டு "அடேங்கப்பா"ன்னாரு, அவ்ளோ தான், எனக்கு நன்றி கின்றி எல்லாம் இல்ல.

பையனுக்கு தொடையில இருந்தது ஒத்தடத்துலயே மூணா நாளு ஒடைஞ்சுது. நீங்க சொன்ன மாதிரி மணிக்கட்டுல வெச்சி பாத்து தான் வெச்சேன். பச்சரிசி அளவுக்கு வெள்ளையா முளை ஒண்ணு தானா வந்து துணில ஒட்டிட்டு இருந்துச்சு, அதுக்கு அப்புறம் பள்ளம் மாதிரி இருக்கு, வலி இல்லையாம். நெறி பாதியா கொறைஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட அவனையும் காட்டுனேன், தடவறதுக்கு ஒரு ட்யூப் எழுதி குடுத்தாங்க, மூக்குக்குள்ளயும் அஞ்சு நாள் எல்லாரும் தடவ சொன்னாங்க. வாத்தியார் மூக்குன்னு எழுதுனத படிக்காம இருந்திருந்தா ட்யூப் மாத்தி குடுத்துட்டாங்கன்னு நெனச்சிருப்பேன்.

அத்தை நாமக்கட்டி போட்டதால தான் ஒடைஞ்சுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க, நான் ஒண்ணும் சொல்லல.

ரிட்டயர்டு சிஸ்டர் (தர்மபுரி)

சாவிய அரிசி டப்பாவுல போட்டியே, அது தாம்மா முதல் வைத்தியம்.

இப்ப வீட்டு வேலை. ஆளுக்கு ஒரு துண்டு, கலர் வேற வேறயா வாங்கு, அப்ப தான் பையன் மாத்தி எடுக்க மாட்டான். பழைய துண்டு, தலகாணி உறை, அவரு படுக்கற போர்வை எல்லாத்தையும் கொதிக்கற தண்ணில போட்டு தொவைச்சி நல்ல வெயில்ல காயப் போடு, வெயிலுக்கா நம்மகிட்ட கொறைச்சல். பையன் நகத்த ஒட்ட வெட்டு. வீட்ல எல்லாருக்கும் ஒரே சோப்பு கட்டி வேணாம். அவரு முடிவெட்ட போறப்ப பிடரில பிளேடு படக்கூடாது, புண்ணு ஆறுற வரைக்கும் கடைக்கே போக வேணாம். மூட்டை தூக்கற வேலைய டாக்டர் சொல்ற வரைக்கும் தொட வேணாம்.

உன் அத்தைக்கும் சக்கரை பாத்துடு. இத நான் சும்மா சொல்லல. ஊருக்கே வந்து பாக்கறாங்க, மக்களைத் தேடி மருத்துவம், அந்த திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ல உங்க கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த திட்டத்துல வேலை பாக்கற பொண்ணுங்க வீட்டுக்கு வந்தா "ஆம்பளைங்க வேலைக்கு போயிட்டாங்க"ன்னு திருப்பி அனுப்பிடறீங்க. அடுத்த தடவ வந்தா வீட்ல இருக்கற எல்லாரும் விரல நீட்டுங்க.

பென்னாகரத்தா

நானும் சுண்ணாம்ப விட்டுட்டேன் கண்ணு. வெத்தல விளக்கெண்ணெய மட்டும் விட மாட்டேன், சிஸ்டரே சூடு தான் வேலை செய்யுதுன்னுட்டாங்களே.

ரிட்டயர்டு சிஸ்டர் (தர்மபுரி)

வெத்தலைய நல்லா கழுவிட்டு வெய்யிங்கம்மா, பிள்ளைக்கு வெக்கறப்ப உங்க கைல சூடு பாத்துட்டு வெய்யிங்க. வெத்தலைக்காக உங்ககூட நான் சண்டைக்கு வரல.

மருமக, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுக்கறதுன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டு மணி நேரமாவது தண்ணி தவிர வேற எதுவும் கூடாது, காலைல டீ கூட கூடாது. ஆம்பளைங்க எல்லாம் பஸ் ஸ்டாண்ட் கடைல டீய குடிச்சிட்டு வெறும் வயிறுன்னு கைய நீட்டுவாங்க. சொல்லி வை.

மாங்காத்தோப்பு மருமக

சிஸ்டர் இப்ப தான் பாத்தேன். ரத்தம் குடுக்கற வரிசைல நிக்கறோம். பஸ்ஸு எறங்குனதும் குடிச்சிட்டாரு. ரெண்டு வடையோட.